டிராக்குக்குத் தேவைப்பட்ட 140 பவுண்

பதுளை ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும். எல்ல தாண்டியதும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடுவார்கள், ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க. அந்தப் பாலம் கட்டி முடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1921.

அதே 1921இல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பால் டிராக் என்ற இளைஞர் மின் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். போருக்குப் பிந்திய மந்த காலம், வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் படிக்க 70 பவுண் உதவித்தொகை கிடைத்தது. அங்கே தங்கிப் படிக்க அது காணாது. ஆகவே போகவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்காமல் கணிதம் படிக்க விட்டது, வீட்டிலிருந்தே படித்தார். 1923இல் இன்னொரு 140 பவுண் சேர்ந்த பிறகுதான் கேம்பிரிட்ஜ். 1928இல் இலத்திரனுக்கான சமன்பாடு, 1933இல் நோபல் பரிசு. அவரிடம் ஆராய்ச்சி செய்த தமிழர் சி. ஜே. எலியேசர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்.

இந்தக் கதையை 'துணிந்தால் வெல்லலாம்' என்று முடிப்பது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. துணிவு 1921இலேயே இருந்தது. காசுதான் இரண்டு வருஷம் பிந்தி வந்தது.

இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியதோ 1970களில்தான். இடையில் எத்தனையோ பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் லயத்திலிருந்து ஒருத்தர் பொறியியல் பீடத்துக்குப் போனால், முழு லயமும் அவரை நம்பி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அப்படிப் போனவர். பட்டம் முடியப்போகிறது. இப்போது பௌதிகவியலில் முதுமாணி செய்ய ஆசைப்படுகிறார். அவருடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப கடன யாருப்பா கட்டுறது?"

நியாயமான கேள்வி. முதல் பட்டம் இங்கே இலவசம். அதற்கு மேல் படிக்கப் பெரும்பாலும் காசு வேணும்.

'நாலு வருஷம் வீணாப்போச்சே' என்று ஊரில் சொல்கிறார்கள். அதற்கு டிராக்கிடமே பதில் இருக்கிறது. நிஜ உலகில் எல்லாம் தோராயம்தான், அந்தத் தோராயத்திலும் அழகு இருக்கலாம் என்பதைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது பொறியியல்தான் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் இல்லை. நான் கலைப்பீடம், சமன்பாடு ஒன்றும் விளங்காது. ஆனால் இங்கிலிஷ் கடிதம் எழுதத் தெரியும். இந்தக் கிழமை அண்ணனும் நானும் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று அனுப்பியாச்சு.