பட்டாளக் கதைகளும் தோட்டத் தமிழரும்

ஒரு சமூகத்தின் வீரமும் துயரமும் கதையிலும் நாடகத்திலும் இடம் பெறாவிடின், நாளடைவில் அவை நடந்ததே இல்லை என்றாகிவிடும். யுத்தகாலச் சிப்பாய்களைப் பற்றித் தொலைக்காட்சியில் வரும் தொடர் நாடகங்களைக் காணுந்தோறும் நமக்கு இவ்வெண்ணமே மேலிடுகின்றது.

ஒரு காலத்தில் மலாக்கா நகருக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. 1905-ல் திறக்கப்பட்ட தம்பின் கிளைப்பாதையை ஜப்பானியர் தம் ஆட்சியில் பெயர்த்து, சயாம்–பர்மாப் பாதைக்குக் கொண்டு சென்றனர். போன தண்டவாளம் திரும்பவில்லை. இன்றும் மலாக்காவுக்கு ரயிலேறி வருவோர் புலாவ் செபாங்கில் இறங்கியே வரவேண்டும்.

தண்டவாளம் மட்டுமா சென்றது? மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டுத் தொழிலாளரும் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதில் மாண்ட நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர்; மாண்ட ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். அவர்களுள் நம் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. நம்மவரிற் பெரும்பாலோர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

நாடகங்களிலும் இதே கதைதான். 1957-ல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் படம் பிரிட்டிஷ் சிப்பாய்களின் மானத்தைப் பேசிற்று. 2025-ல் வெளியான 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்' என்னும் தொடர் ஆஸ்திரேலியக் கைதிகளின் வேதனையைப் பேசுகின்றது. அவரவர் தம் மக்களைப் பற்றிப் பேசுவது குற்றமன்று. நாம் நம்மவரைப் பற்றிப் போதிய அளவு பேசாதிருப்பதே குற்றம்.

2020-ல் கபீர் கான் இயக்கிய 'தி ஃபர்காட்டன் ஆர்மி' என்னும் ஐந்து பகுதித் தொடர், இந்திய தேசிய ராணுவத்தின் கதையைக் கூறிற்று. மறக்கப்பட்ட பட்டாளத்தை நினைவூட்டியது பாராட்டத்தக்கதே. ஆயினும் அதன் நடுநாயகம் ஓர் அதிகாரியும் அவர் காதலும். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் அப்படையிற் சேர்ந்த மலாயாவாசிகளுள் தோட்டத் தமிழர் எத்தனை பேர்! டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையினரிற் பெரும்பாலோர், பால்வாளி சுமந்த கையில் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்களன்றோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. லயங்களில் சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த காலம் அது. அந்தப் பட்டாளத்திலோ சாதி, மதம் பாராது எல்லோரும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாக அமர்ந்து உண்டனர். தோட்டத்தில் முடியாதென்றது முகாமில் முடிந்ததெனில், தடையாயிருந்தது இயற்கையா, நமது மூடத்தனமா? அந்தப் பந்தியைக் காட்டும் காட்சி ஒன்று, நூறு துப்பாக்கிச் சண்டைக் காட்சிகளுக்கு ஈடாகும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' முதலிய நாவல்கள் நம்மிடம் உள்ளன. அக்காலத்தைக் கண்ணாற் கண்டோர் அருகிவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் பேரர்களும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இன்னும் இருக்கின்றனர். இளைஞர்களே! ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். பாட்டன் எந்த மாதம் புறப்பட்டான், திரும்பினானா என்று கேட்டெழுதுங்கள். நாடகம் பிறகு தானே வரும். முதலில் பெயர்கள் மீளட்டும்.