டெபியன் வெளியீட்டு முறை

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் நிலைப்பதிப்புகளை உருவாக்கி வெளியிடும் நடைமுறை இது. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்துக்கு முதலாளி கிடையாது. பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) பராமரிக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு வேலை ஏவ முடியாத இந்த அமைப்பில், பணி எதுவரை வந்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி வைப்பதே நிர்வாகத்தின் பெரும்பகுதி.

குறைகளை மறைப்பதில்லை என்று 1997-ல் ஏற்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தம் உறுதி கூறுகிறது. அந்த உறுதியைக் காப்பாற்றுவது மென்பொருள் பிழைகளைப் பதியும் வழுப் பதிவகம். பயனர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், புகாருக்கு எண் கிடைத்துவிடும். அதைப் பற்றிய மடல்கள் எல்லாம் அந்த எண்ணின் கீழ் யாரும் படிக்கும்படி சேரும். 'கிரிட்டிகல்', 'கிரேவ்', 'சீரியஸ்' என்று தரம் குறிக்கப்பட்ட வழுக்கள் வெளியீட்டைத் தடுப்பவை. இவை எத்தனை மிச்சம் என்பதே முன்னேற்றத்தின் நம்பகமான அளவு. எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும் அறிக்கைகளைவிட இது நேர்மையானது.

புதிய பொதி முதலில் 'அன்ஸ்டேபிள்' கிளைக்குப் போகும். சில நாட்களில் புதிய தடுப்பு வழு எதுவும் கிளம்பாவிட்டால், சார்ந்த பொதிகளும் ஒத்துவந்தால், 'டெஸ்டிங்' கிளைக்கு ஏறும். அந்தக் கிளை கனிந்ததும் அதுவே அடுத்த நிலைப்பதிப்பாகும்.

2002 ஜூலையில் வுடி என்ற நிலைப்பதிப்பு வெளிவந்தபின் அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆயிற்று. புதிய நிறுவல் மென்பொருளுக்காகவும் பாதுகாப்புத் திருத்த ஏற்பாடுகளுக்காகவும் காத்திருந்ததில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஓடின. பிற்காலத்தில், மாற்றங்களை நிறுத்தும் 'ஃப்ரீஸ்' கட்டங்களுக்கு முன்கூட்டியே நாள் குறிக்கும் வழக்கம் வந்தது. வெளியீட்டு நாளோ பணி கனிந்த பிறகே முடிவாகும். புக்வோர்ம் பதிப்புக்கு 2023 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மாதங்களின் 12-ஆம் தேதிகளில் ஃப்ரீஸ் கட்டம் கட்டமாக இறுகியது. கடைசிக் கட்டத்தில் ஒரு வரியைத் திருத்தினாலும் பராமரிப்பாளர் காரணத்தை எழுதி, பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாக இணைத்து, வெளியீட்டுக் குழுவிடம் 'அன்பிளாக்' கோர வேண்டும். அந்தக் கோரிக்கையும் வழுப் பதிவகத்தில்தான் பதிவாகும். மறுப்பு வந்தால் அதுவும் பொதுவில் நிற்கும்.

புக்வோர்ம் 2023 ஜூன் 10 அன்று வெளியானது. ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளிலும் கவனிக்க வேண்டிய சிக்கல்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. பழைய பதிப்பிலிருந்து மாறுவோர் அதைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.