கல் விலைக்குப் போன வீடு

அயர்லாந்தின் மேற்கில், கால்வே கவுண்டியில், கோர்ட் என்னும் சிற்றூருக்கு வடக்கே காடும் ஏரியும் சூழ வாழ்ந்திருந்த கூல் இல்லம் 1941-இல் காலமானது. வயது ஏறத்தாழ 170. மனிதர் என்றால் கல்யாணச் சாவு என்று சொல்லி ஆறுதல் அடையலாம். கற்கட்டடங்கள் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் நிற்கிற அந்த வட்டாரத்தில் இது அகால மரணம்.

கோட்டைகளையும் இடிபாடுகளையும் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கோர்ட்டுக்குத் தென்மேற்கே கில்மக்டூவா மடத்தின் வட்டக் கோபுரம், சுமார் 34 மீட்டர் உயரம், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, ஏணியில்லாமல் எட்ட முடியாத உயரத்தில் வாசலை வைத்துக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. வடகிழக்கே ஓடைக்கரையில் தூர் பாலிலீ, நார்மன் வழிவந்த டி பர்கோ குடும்பத்தார் எழுப்பி, பிற்காலத்தில் கவிஞர் யேட்ஸ் 35 பவுண்டுக்கு வாங்கிக் குடியேறிய கோபுர வீடு, வெள்ளம் அவ்வப்போது கீழ்த்தளத்துக்குள் புகுந்தாலும் இன்றும் விருந்தினரை வரவேற்கிறது. கின்வாராவில் கடல் நீர் காலடியைத் தொடுமளவு நெருங்கிவர டன்குவேர் கோட்டை நிமிர்ந்திருக்கிறது. படையெடுப்பையும் பஞ்சத்தையும் பார்த்த பெரியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். இவர்களில் இளையவரான கூல்தான் முதலில் போய்விட்டது.

அதன் பிறப்பில் நம் மண்ணின் பணம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பி, பின்னாளில் அந்தக் கம்பெனிக்கே தலைவராக அமர்ந்த ராபர்ட் கிரெகரி 1768-இல் கூல் நிலத்தை வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மூன்று தளங்களும் வெண்பூச்சுமாக அங்கே ஒரு வீடு எழுந்தது. கம்பெனிச் சீமான்கள் இங்கிலாந்தில் கட்டிக்கொண்ட மாளிகைகளோடு வைத்துப் பார்த்தால் இது அடக்கமான வீடு. சிற்பமில்லை, தூண் வரிசையில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் அதன் செல்வம் தெரியும் என்பார்கள், அந்தச் செல்வம் பெரும்பாலும் புத்தகம். தலைமுறை தலைமுறையாக வாங்கிச் சேர்த்த நூல்கள் நிறைந்த அந்த அறையில்தான் பின்னாளில் ஒரு நாட்டின் நாடகக் கலைக்கான பேச்சு வளர்ந்தது.

துக்க வீட்டில் இறந்தவரின் குறை பேசக் கூடாது என்பது நம் வழக்கம். கூலின் கதையில் அப்படி மறைக்க வழியில்லை. அந்த ஊர்க்காரர்களும் மறைக்கவில்லை. 1847, பெரும் பஞ்சத்தின் கொடிய ஆண்டு. உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த வேளையில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இந்த வீட்டின் வாரிசு வில்லியம் கிரெகரி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்ற பிரிவைச் சட்டத்தில் சேர்க்கச் செய்தார். சோறு வேண்டுமென்றால் நிலத்தை விடு. நிலத்தை விட்டவன் குடிசையையும் இழப்பான், பிள்ளைகுட்டிகளோடு ஏழைகள் விடுதி வாசலில் நிற்பான். ‘கிரெகரி பிரிவு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அதே ஆண்டில் பஞ்சக் காய்ச்சல் தொற்றி வில்லியமின் தந்தை இறந்தார். மகனுக்குக் கூல் வந்து சேர்ந்தது. குதிரைப் பந்தயத்தில் அவர் விட்ட பணத்துக்காக நிலத்தின் பெரும்பகுதி பிறகு விற்பனைக்குப் போனது. இத்தனையையும் வீடு சுமந்தது. எந்த வீடும் தன் எஜமானைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை.

இதே வில்லியம் கிரெகரியைத்தான் இலங்கைக்காரர்கள் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவில் தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கும் கிரெகரி ஏரி அவர் காலத்தில் வெட்டப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகம் அவர் நிறுவியது, அதன் முற்றத்தில் இன்றும் அவர் சிலையாக நிற்கிறார்.

1880-இல் தன்னைவிட 35 வயது மூத்த வில்லியமுக்கு வாழ்க்கைப்பட்டு, பக்கத்துப் பெருவீடான ராக்ஸ்பரோவிலிருந்து அகஸ்டா என்ற பெண் கூலுக்கு வந்தபோது, வீட்டுக்கு இரண்டாம் பிறவி தொடங்கியது. 1892-இல் கைம்பெண்ணானார், அதன் பிறகு கறுப்புடைதான் உடுத்தினார். உலகம் அறிந்த கிரெகரி அம்மையார் அதற்கப்புறம் உருவானவர். ஐரிஷ் மொழி படித்தார், பக்கத்துக் கில்டார்ட்டன் குடியானவர்களின் பேச்சை எழுத்தில் பிடித்தார், குடிசை குடிசையாகப் போய்க் கதை கேட்டார். கோர்ட் ஊரின் ஏழைகள் விடுதிக்கும் போனார். அங்கே முடங்கிக் கிடந்த கிழவர்களும் கிழவிகளும் சொன்ன கதைகளை உட்கார்ந்து எழுதிக்கொண்டார். எளியவர்களை அத்தகைய விடுதிகளுக்குத் துரத்திய சட்டப் பிரிவு தன் கணவர் பெயரால் வழங்குகிறது என்பது அவருக்குத் தெரியாததா? கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் ஏழைகளின் வாய்ச்சொல்லைப் பொன்னாக மதித்து ஒரு சீமாட்டி குறிப்பெடுத்தார் என்பது நடந்த செய்தி, அந்தக் குறிப்புகள் பல நூல்களாக நிற்கின்றன.

1897 முதல் சுமார் இருபது கோடைக்காலங்கள் யேட்ஸ் இங்கே தங்கினார். ஏரியைப் பார்த்த அறை அவருக்கு. கவிஞர் எழுதுகிற நேரத்தில் நடைசத்தம் கேட்கக் கூடாதென்று வெளியே தடித்த விரிப்புகள் போட்டிருந்ததாகச் சொல்வார்கள். எழுத்தாளர்களில் சிங் வந்தார், பெர்னார்ட் ஷா வந்தார், டக்ளஸ் ஹைட் வந்தார். 1924-இல் டப்ளின் சேரியில் வளர்ந்த கூலித்தொழிலாளி ஷான் ஓகேசி நாடக ஆசிரியராக வந்தார். பெருவீட்டு வாசலில் இப்படிப்பட்டவர் விருந்தாளியாக இறங்குவது அந்த நாட்டில் அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். விருந்தினர்களில் பிடித்தமானவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், செந்நிற இலைகள் கொண்ட பீச் மரத்தின் பட்டையில் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கச் சொல்வது அம்மையாரின் மரபு. ஷாவின் மூன்று எழுத்துகள் அவரைப் போலவே எடுப்பாகத் தெரியும்.

டப்ளினில் 1904 டிசம்பர் 27 அன்று திறந்த அபே நாடக அரங்குக்குக் கூல்தான் தாய்வீடு. அதற்கான நாடகங்களை அம்மையார் இங்கே மேசையில் உட்கார்ந்து எழுதினார். டப்ளினுக்கு ரயிலேறும்போது கோர்ட்டில் சுட்ட மிகப்பெரிய உலர்பழக் கேக் ஒன்றும் கூடவே போகும், மேடைக்குப் பின்னால் நடிகர்கள் தின்பதற்கு. அபேயின் பழைய நடிகர்கள் எழுதிய நினைவுகளில் அந்தக் கேக் தவறாமல் வந்துவிடும்.

பிறகு கெட்ட காலம். ஒரே மகன் ராபர்ட், ஓவியர், அபேக்குக் காட்சித் திரைகள் அமைத்தவர், 1918 ஜனவரியில் இத்தாலியப் போர்முனையில் விமானத்தோடு விழுந்து இறந்தார். தந்தி கூலுக்கு வந்தது. மருமகள் மார்கரெட் அப்போது கால்வே நகரில் இருந்ததால், அறுபத்தைந்து வயதுத் தாய் தானே ரயிலேறிப் போய்ச் செய்தி சொன்னார். சொத்து மருமகள் பேருக்குப் போயிற்று. 1920 நவம்பரில் கில்டார்ட்டனில் கைக்குழந்தையோடு வீட்டு வாசலில் இருந்த ஒரு கர்ப்பிணியை, சாலையில் லாரியில் போன பிரிட்டிஷ் துணைப்படையினர் சுட்டுக் கொன்றபோது, அந்த அட்டூழியங்களைப் பெயர் போடாமல் லண்டன் வார இதழுக்கு அம்மையார் எழுதி அனுப்பியது இந்த வீட்டிலிருந்துதான். 1922-இல் நிலம் கேட்டு மிரட்ட வந்த ஒருவனிடம், மாலைதோறும் திரை போடாத அந்தச் சன்னலுக்கருகேதான் உட்கார்ந்து எழுதுகிறேன், சுடுவதென்றால் சுலபம் என்று சுட்டிக்காட்டினார் அம்மையார். சன்னல் கடைசிவரை உடையவில்லை.

விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் நடந்த 1920-க்கும் 1923-க்கும் இடையில் அயர்லாந்தில் ஏறத்தாழ 275 பெருவீடுகள் தீக்கிரையாயின. அம்மையார் பிறந்த ராக்ஸ்பரோவும் 1922-இல் எரிந்தது. கூலை யாரும் தொடவில்லை. தீயிலிருந்து தப்பிய வீட்டுக்கு அதற்கப்புறம் என்ன குறை வரப்போகிறது என்று அன்று யாரும் நினைத்திருப்பார்கள்.

வந்தது காகிதத்தில். 1927-இல் நிலமும் வீடும் அரசுக்கு விற்கப்பட்டன; வனத்துறைக்குக் காடு வேண்டும், குடும்பத்துக்குப் பணம் வேண்டும். தான் காத்து நிமிர்த்திய வீட்டில் அம்மையார் வாடகைக்குக் குடியிருந்தார். 1931-இல் ‘கூல்’ என்று சின்னஞ்சிறு நூல் ஒன்று, யேட்ஸின் தங்கை நடத்திய குவாலா அச்சகத்திலிருந்து வந்தது. நூலகம், காலையுணவு அறை என்று ஒவ்வோர் அறையாக நின்று, ஒவ்வொரு பொருளையும் தொட்டு விடைபெறுகிற நூல் அது. யேட்ஸ் அதற்கு முன்பே, 1929 என்ற ஆண்டைத் தலைப்பில் வைத்து, வீடு நன்றாக நின்றுகொண்டிருக்கும்போதே அதன் அழிவைக் கவிதையாக்கிவிட்டார். அம்மையாரின் கடைசிக் குளிர்காலத்தின் பெரும்பகுதி யேட்ஸ் அவர் அருகிலேயே இருந்தார். 1932 மே மாதம், 80 வயதில், மார்பகப் புற்றுநோயில் அம்மையார் கூலிலேயே கண்ணை மூடினார். ஆகஸ்டில் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின.

ஒன்பது ஆண்டு வெறும் வீடாகக் கிடந்தது. வனத்துறைக்கு மரம்தான் தேவை, மாளிகையை வைத்து அது என்ன செய்யும்? கூரை பார்க்க ஆளில்லை, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை. 1941-இல் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கல் விலைக்கு விற்றார்கள். இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். யேட்ஸ் 1939-லேயே பிரான்சில் இறந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை, அந்த மட்டில் நல்லது.

அன்றைய அரசை அரக்கர் கூட்டம் என்று ஏசுவது சுலபம். நூற்றாண்டுகளாக ஜமீன்தாருக்குக் குத்தகை கட்டிக் கட்டி நொந்தவர்களின் பிள்ளைகள் கையில் நாடு வந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. பெருவீடு என்றாலே அவர்களுக்குக் கால் ஏக்கர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அந்த வீட்டில் ஆள் வாழ்ந்த கடைசி முப்பத்தைந்து ஆண்டுகள் ஜமீனுடையவை ஆகமாட்டா. புதிய அயர்லாந்தின் நாடகமும் கதையும் பேச்சும் வளர்ந்த ஆண்டுகள் அவை. தனக்குச் சேர வேண்டிய சொத்து எது என்று தெரியாமல் அந்த நாடு அதை விற்றது. இது என் தீர்ப்பு. பின்னாளில் அயர்லாந்துக்காரர்களே இதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அங்கே அடித்தளம் மட்டும் இருக்கிறது, புல்லால் மூடி, இடுப்பளவுகூட இல்லாமல். காடு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தரையில் மழைக்காலத்தில் பெருகி, கோடையில் நிலத்தடி வழிகளில் இறங்கிச் சுருங்கிப்போகும் ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து அன்னங்கள் இன்றும் வருகின்றன. பழைய குதிரை லாயத்தில் 1992 முதல் பார்வையாளர் மையம் நடக்கிறது. தங்கள் பெயரையும் செதுக்க ஆசைப்படுகிறவர்கள் வருவதால் பீச் மரத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள்.

கால்வே பக்கம் கோட்டை பார்க்கப் போகிற தமிழர்கள், டன்குவேரையும் தூர் பாலிலீயையும் பார்த்த கையோடு கூலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டிலிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டர்தான். உள்ளே போகக் கட்டணம் இல்லை.