முதலில் பொய்க் கணினியில் போட்டுப் பார்!

2000களில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களிடம் "கோஸ்ட் போடுறது" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள். விராலிமலை மாதிரி திருச்சி - மதுரை ரோட்டு ஊரானாலும் சரி, திருச்சியே ஆனாலும் சரி, கதை ஒன்றுதான். வைரஸ் வந்த கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்து, விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, டிரைவர், தமிழ் எழுத்துரு, ஆபீஸ் எல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். பத்து கம்ப்யூட்டர் என்றால்? அதனால் ஒன்றை மட்டும் ஒழுங்காகத் தயார் செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படியெடுத்து மற்ற ஒன்பதிலும் இறக்கிவிடுவார்கள். இதற்கான கோஸ்ட் மென்பொருளை எழுதியவர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த மர்ரே ஹஸார்ட். 1998ல் சைமன்டெக் அதை வாங்கியது. பிறகு அது நார்ட்டன் கோஸ்ட் ஆனது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் கணினியில் ஒரு தப்பு இருந்தால், பத்திலும் அதே தப்பு! பத்து என்றால் சமாளிக்கலாம். பத்து லட்சம் என்றால்? அனுப்பும் முன் எங்காவது சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். எங்கே? இல்லாத ஒரு கணினியில்தான். அதைத்தான் வர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி என்கிறார்கள். ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளாலேயே செய்த இன்னொரு கணினி.

இது ஏதோ புது விஷயம் என்று நினைத்தால் தவறு. 1960களில் ஒரு கம்ப்யூட்டர் என்பது ஒரு பெரிய அறை முழுக்க நிற்கும் சொத்து. இயங்குதளம் எழுதுபவர் அதைச் சோதிக்க வேண்டுமானால் முழு இயந்திரத்தையும் அவரிடம் விட வேண்டும், மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோ குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அவர்களுடைய சிபி-40, ஒரே இயந்திரத்தை 14 தனித்தனி இயந்திரங்கள் போலக் காட்டியது. ஒன்று செயலிழந்தாலும் மற்றவை பாட்டுக்கு ஓடும்.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். ஐபிஎம் சிஸ்டம்/370க்கு மெய்நிகர் நினைவக வசதி தயாராகிக்கொண்டிருந்தது. வன்பொருள் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அதற்கான இயங்குதளத்தை எழுதியாக வேண்டும். சிபி-40க்குப் பின் வந்த சிபி-67ஐ மாற்றி, பழைய 360/67 இயந்திரத்தையே புதிய 370 போல நடிக்க வைத்தார்கள். இன்னும் பிறக்காத கணினியில் சோதனை நடந்தது! 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. அந்த 370 வரிசையில் 155 என்ற மாடல் 1973ல் ஐஐடி மெட்ராஸுக்கே வந்தது.

மேசைக் கணினிக்கு இந்த வித்தை வர ரொம்ப காலம் ஆனது. இன்டெல் சிப் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. 1998ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து அந்தத் தடையைத் தாண்டியது. 1999ல் அதன் ஒர்க்ஸ்டேஷன் மென்பொருள் வந்தது. 2005, 2006ல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே இந்த வசதியை வைத்தன. 2007ல் விர்ச்சுவல்பாக்ஸ் திறமூலமாக வந்தது. காசு இல்லாத மாணவனுக்கும் கதவு திறந்தது.

அதே சமயத்தில் இன்னொரு பக்கம், மென்பொருள் நிறுவுவதே தானாக நடக்க ஆரம்பித்தது. விண்டோஸ் நிறுவும்போது பெயர் என்ன, நேர மண்டலம் எது என்று வரிசையாகக் கேட்கும் அல்லவா? எல்லா பதில்களையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆள் உட்கார வேண்டியதில்லை. ரெட்ஹேட்டில் அது கிக்ஸ்டார்ட், டெபியனில் ப்ரீசீட். பிஎக்ஸ்இ வசதி இருந்தால் சிடி கூட வேண்டாம், கணினி நெட்வொர்க்கிலிருந்தே எழுந்துகொள்ளும்.

ஆனால் பதில் கோப்பில் ஒரு வரி தப்பானால் பாதியில் நின்றுவிடும். திருத்தி, வட்டை அழித்து, மறுபடி முதலிலிருந்து. நிஜக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்ய முடியும்? மெய்நிகர் கணினியில் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்தால் பழைய நிலைக்கு நொடிகளில் திரும்பலாம். நான்கைந்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை 2007ல் வெளியிட்டது. 2011ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போனது. அத்தனையிலும் ஆள் உட்கார்ந்து சிடி போட முடியுமா? ஒரு மூலப் பிரதியைத் தயார் செய்து நகலெடுப்பதுதான் ஒரே வழி. அந்த மூலப் பிரதியில் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யாவிட்டால், விராலிமலை மாணவருக்கும் வேலை செய்யாது, நாகர்கோவில் மாணவருக்கும் வேலை செய்யாது. சரி செய்து தரப் பக்கத்தில் ஆளும் இருக்கமாட்டார்.

சரி, மெய்நிகர் கணினியில் தேறிவிட்டால் போதுமா? போதாது. அதற்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு, ஒலி அட்டை எல்லாமே பொம்மை. நிஜ மடிக்கணினியின் வைஃபை டிரைவர் ஒத்துழைக்குமா என்பதை அது சொல்லாது. வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது இருப்பாய்வு மாதிரி. பற்றும் வரவும் சமமானால் நல்லதுதான். ஆனால் விதிப் பிழையும் ஈடுசெய் பிழையும் அதில் சிக்காது. அதற்காக இருப்பாய்வே போடாமல் யாராவது இறுதிக் கணக்குக்குப் போவார்களா? முதலில் மெய்நிகர் கணினி, பிறகு நாலைந்து நிஜக் கணினி, பிறகு நூறு, அப்புறம்தான் எல்லோருக்கும்.

இந்த வரிசையை விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன கோப்பை இந்திய நேரப்படி காலை 9.39க்கு அனுப்பியது. 10.57க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! கோப்பைச் சரிபார்க்கும் மென்பொருளிலேயே பிழை இருந்ததால் அது 'சரி' என்று விட்டுவிட்டது. படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் தடுக்கவும் வழியில்லை. அதன் பிறகுதான் இத்தகைய கோப்புகளையும் கட்டம் கட்டமாக அனுப்பப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

வேண்டிய கருவி 1967லிருந்தே இருக்கிறது, 2007லிருந்து காசில்லாமலும் கிடைக்கிறது. ஆக, பத்து கணினி வைத்திருக்கும் பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் 85 லட்சம் கணினிக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் பாடம் ஒன்றுதான். நகலெடுக்கும் வேகம் கூடக் கூட, முதல் பிரதியைப் பார்க்கும் பொறுமையும் கூட வேண்டும்.