பிரட்டுக்களமும் அச்சுக்கூடமும்

தமிழில் பதிப்பு வரலாறு என்றவுடன் ஏட்டுச்சுவடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்த அவர்களது உழைப்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அதே காலத்தில், நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளில், காப்பி அழிந்த மண்ணில் தேயிலை நட்டுக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளருக்கு ஏடு ஏது? அவர்களுடைய ஏடு அவர்களது நாவே.

அந்த நாவிலிருந்து தாளுக்கு வந்த பாதை நெடியது. அட்டனில் தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாடிய பாடல்களை 1940இல் சிறு நூலாக்கினார். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவரது தேயிலைத் தோட்டக் கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வெளியாகி, சக்தீ பாலையாவின் கைவழியே 1969இல்தான் தமிழ் நூலாயிற்று.

இத்தகைய கைப்பிரதியைத் திருத்த அமர்பவர் எதைத் திருத்துவது? எழுத்துப்பிழையை நீக்கலாம், ஒற்றுப்பிழையைக் களையலாம். ஆனால் தோட்டத்துச் சொற்களைக் 'கொச்சை' என்று ஒதுக்கிச் செந்தமிழ்ச் சொல்லைப் புகுத்தினால் வரலாறே அழிந்துபோகும்.

'பிரட்டு' என்ற சொல்லைப் பாருங்கள். 'பரேட்' என்ற படைத்துறைச் சொல்லின் திரிபு அது. விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்த ஆட்சிமுறை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அதை 'காலைக்கூட்டம்' என மாற்றினால் அதிகாரம் மறைந்து, ஏதோ நண்பர்கள் கூடியதாகத் தோன்றும். 'பேர்' என்பது ஒரு நாள் வேலையின் கணக்கு. 'அரைப்பேர்' என்றால் பாதிக்கூலி. மனிதனின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட கொடுமையை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலுமா? 'துண்டு' என்பதும் வெறும் காகிதமன்று. கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்தில் சேர முடியாதபடி கட்டிய விலங்கு அது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. இவற்றைப் பெயர்த்தெடுக்காமல், நூலின் இறுதியில் பொருள் விளக்கம் சேர்ப்பதே நேரிய பதிப்பு நெறியாகும்.

இன்னொரு கடமையும் உண்டு. மலையக எழுத்து பெரும்பாலும் நாளேடுகளின் வாரமலர்களில் பிறந்தது. நாளேட்டின் ஆயுள் ஒரு நாள். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் வெளிவந்த கதை. அதன் பெயரிலேயே அவரது தொகுதி நூலாக வந்தது 1980இல். பத்தொன்பது ஆண்டுகள்! நூல் வெளியிடும் வசதி உழைக்கும் மக்களிடம் இல்லாததே இத்தாமதத்திற்கு முதற்காரணம். 1997இல் தெளிவத்தை ஜோசப் தொகுக்க, துரைவி பதிப்பகம் மலையகச் சிறுகதைகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டதை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். பழைய இதழ்களைத் தேடி, சிதறியவற்றை ஒன்று சேர்ப்பது சுவடி தேடிய பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிடம் பிறப்புக்கும் பரம்பரைக்கும் பத்திரம் கேட்டது. லயத்து அறைகளில் பிறந்தவர்களிடம் அவை எங்கிருந்து வரும்? தாள் இல்லாத காரணத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தாளின் வலிமையை அவ்வளவு கசப்பாகக் கற்ற சமுதாயத்துக்கு ஒவ்வொரு நூலும் ஒரு சாட்சிப் பத்திரமாகும். சாட்சியின் சொல்லை மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை. அதைத் தெளிவாகக் கேட்கச் செய்யும் பொறுப்பே பதிப்பாசிரியனுடையது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய இதழ்களையும் நோட்டுப்புத்தகங்களையும் காத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் படியெடுக்க முன்வருவார்களாயின், அந்தச் சாட்சியம் வருங்காலத்தை எட்டும்.