பயிற்சி ஆசிரியரின் உள்ளம்: தோட்டப்பள்ளி வரலாறு கூறும் பாடம்



பயிற்றுப்பணிக்காகப் பயிற்சி ஆசிரியர்கள் நம் பள்ளிகளுக்கு வருகின்றனர். அவர்தம் பாடக்குறிப்பைப் பார்க்கிறோம், துணைப்பொருளைப் பார்க்கிறோம். அவர்களின் உள்ளம் எவ்வாறு உள்ளது எனக் கேட்பவர் சிலரே. இக்குறை இன்று தோன்றியதன்று. சபாக், கோல சிலாங்கூர் போன்ற தோட்டப்புறங்களின் கல்வி வரலாற்றிலேயே இதற்கு வேர் உண்டு.

கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் நடத்தினார். ஒரே அறையில் பல வயதுப் பிள்ளைகள். பசியோடு வந்த பிள்ளையை எவ்வாறு அணுகுவது, தம் சினத்தையும் சோர்வையும் எவ்வாறு ஆள்வது என அவருக்குக் கற்பித்தவர் எவருமிலர்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வர வழிவகுத்தது. 1957இல் நாள் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. 1988இல் உருவான தேசியக் கல்வித் தத்துவம் அறிவு, ஆன்மிகம், மனவெழுச்சி, உடல் ஆகிய நான்கின் சமநிலையை வலியுறுத்தியது. பீட்டர் சலோவே, ஜான் மேயர் எனும் அமெரிக்க உளவியலாளர்கள் மனவெழுச்சி நுண்ணறிவு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டது 1990இல்தான். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிதல், புரிதல், ஆளுதல் ஆகியவை திறன்கள் என்பதே அதன் சாரம்.

நாமோ அந்நான்கையும் மாணவரிடம் வளர்க்க வேண்டியவராக மட்டுமே ஆசிரியரைக் கண்டோம். அவருக்கும் அவை உண்டென்பதை மறந்தோம்.

நான் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றேன். வகுப்பின் முன் நடுங்கிய குரலை அடக்கக் கற்றதோ ஒரு தோட்டப்பள்ளியின் மூத்த ஆசிரியையிடம். விரிவுரையாளர் பார்வையிட வரும் நாள்களில், "சாப்பிட்டீங்களா ஐயா?" என்றுதான் முதலில் கேட்பார். அதன் பின்னரே பாடத்தைப் பற்றிப் பேசுவார். அச்சம் பாதி குறைந்துவிடும்.

வழிகாட்டி ஆசிரியர்களே, குறிப்பேட்டைத் திறக்குமுன் அவர்தம் முகத்தைப் பாருங்கள். வகுப்பில் நிகழ்ந்த தடுமாற்றத்தை அச்சமின்றிச் சொல்ல இடமளியுங்கள். பெற்றோர்களே, புதியவரென ஒதுக்காமல் நலம் விசாரியுங்கள். தம் உணர்வை ஆளக் கற்றவரே பிள்ளையின் அழுகைக்குப் பொறுமையோடு செவிசாய்ப்பார்.

நாளை நம் பிள்ளைகளின் முன் நிற்கப் போகிறவர் அவரே. சிந்திப்போம், செயல்படுவோம்.