பிழையான விடையின் வரலாறு

சரியான விடைக்குப் புள்ளியுண்டு. பிழையான விடைக்கு இல்லை. பரீட்சை தோன்றிய காலந்தொட்டு வழங்கிவரும் நியதி இது. ஆயின், பிழைக்கும் ஓர் ஒழுங்குண்டு, அதனைக் கொண்டே பிள்ளையின் உள்ளத்தை அறியலாம் என்னுங் கருத்து இருபதாம் நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது. அக்கருத்து வளர்ந்த வரலாறு ஆசிரியர் யாவரும் அறியற்பாலது.

1904ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசாங்கம், சாதாரண வகுப்பிற் கற்க இடர்ப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. அக்குழுவில் இடம்பெற்ற அல்பிரெட் பினே, சீமோன் என்னும் வைத்தியரோடு சேர்ந்து 1905இல் நுண்மதிச் சோதனையொன்றை ஆக்கினார். உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிதலே அதன் நோக்கம். நுண்மதி என்றும் மாறாதது என அவர் கருதினாரல்லர். பயிற்சியால் அது வளரும் என்றே 1909இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். 1911இல் அவர் காலமாயினார். அவருடைய சோதனை அமெரிக்காவுக்குச் சென்றபின், பிள்ளைகளை மாறாத் தரங்களாகப் பிரிக்குங் கருவியாகப் பலர் அதனைக் கையாளத் தலைப்பட்டனர்.

பினே பாரிஸ் பாடசாலையொன்றில் நிறுவியிருந்த ஆய்வுகூடத்திலே 1920ஆம் ஆண்டளவில் ஜீன் பியாஜே பணியாற்றினார். அவர் 1896இல் சுவிற்சர்லாந்திற் பிறந்தவர். மெல்லுடலிகளை ஆராய்ந்து 1918இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆங்கிலேயரான சிறில் பேர்ட் ஆக்கிய சோதனைகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு அமைத்தலே அவர்க்கு அளிக்கப்பட்ட பணி. சரியான விடைகளை எண்ணியிருந்தாற் போதும். அவரோ, பிழைவிட்ட பிள்ளைகளை நோக்கி, "ஏன் அவ்வாறு எண்ணினாய்?" என வினவலானார். ஒத்த வயதினர் ஒத்த பிழைகளையே விடக்கண்டார். பிள்ளை குறைவாகச் சிந்திப்பதன்று, வேறு விதமாகச் சிந்திக்கின்றது என்னும் முடிவுக்கு அஃது அவரை இட்டுச்சென்றது. 1921இல் ஜெனீவாவிலுள்ள ரூசோ நிறுவகத்திற் சேர்ந்து அவ்வாய்வைத் தொடர்ந்தார்.

அவரது பரிசோதனைகளுள் ஒன்று நன்கு அறியப்பட்டது. ஒத்த இரு குவளைகளிற் சம அளவு நீர் உண்டு. ஒன்றிலுள்ளதை ஒடுங்கிய நெடுங்குவளையில் ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை நீர் கூடிவிட்டதென்னும். உயரத்தை நோக்கும்போது அகலத்தையும் உடன்நோக்க அதற்கு இயலாது. ஏழெட்டு வயதிலோ, ஊற்றினோமேயன்றிச் சேர்க்கவில்லையே என அப்பிள்ளையே நியாயங் கூறும்.

பியாஜே வகுத்த வளர்ச்சிப் படிகள் அனைத்தும் அவ்வண்ணமே நிலைத்துவிடவில்லை. முதியோரின் துணையால் பிள்ளை தன்னிலைக்கு அப்பாலுஞ் செல்லும் என்றார், 1934இல் மறைந்த உருசிய அறிஞர் வைகொட்ஸ்கி. வினாவைப் பிள்ளைக்குப் பொருள்படும் வகையில் அமைத்தால் இளம் பிள்ளைகளுஞ் சரியாக விடையளிப்பர் என்பதை மார்கிரட் டொனால்ட்சன் 1978இல் எடுத்துக்காட்டினார்.

எனினும் இம்மூவரும் ஒன்றில் உடன்படுவர்: விடையை மட்டும் நோக்குவோன் பிள்ளையை அறியான். பினேயின் சோதனைக்கு நேர்ந்த கதி நமக்கோர் எச்சரிக்கை. உதவுதற்கென அமைந்த அளவுகோல், ஒதுக்குதற்கும் பயன்படலாம். வகுப்பறையிற் பிழையைக் கண்டவிடத்துச் சிவப்பு மையாற் கோடிடுமுன், "ஏன்?" என்று ஒருமுறை வினவுதல் ஆசிரியர்க்கு அரிதன்று. அவ்வினாவுக்குப் பிள்ளை கூறும் மறுமொழியிலிருந்தே அடுத்த பாடந் தொடங்குகின்றது.